தக்காளி வளர்ப்பு வழிகாட்டியைக் காசு கொடுத்து வாங்கலாமா? வேலூர் வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

கைப்பேசியில் ஒருமுறை ‘தக்காளி’ என்று தேடிவிட்டால் போதும், மறுநாளிலிருந்து விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். 99 ரூபாய்க்கு மின்னூல், 499 ரூபாய்க்கு வாட்ஸ்அப் வகுப்பு, சில ஆயிரங்களுக்கு ‘முழுப் பயிற்சி’. காட்பாடியில் மாடியில் பத்துப் பை வைத்திருப்பவரும் கேட்கிறார், ஒடுகத்தூர் பக்கம் அரை ஏக்கரில் நாற்று நடுபவரும் கேட்கிறார்: இதை வாங்கலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டம், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் தக்காளி வைப்பவருக்கு, விலைக்கு வரும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை தேவையில்லை. அவை சொல்வதில் சரியானது இலவசமாகவே கிடைக்கிறது. இலவசமாகக் கிடைக்காத பகுதி பல நேரம் வேறு நாட்டு மண்ணுக்கும் குளிருக்கும் எழுதப்பட்டதாக இருக்கிறது. வாங்கத் தகுந்த வழிகாட்டிகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறியும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். அவசரம் இல்லாமல் ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

முதல் படி: உங்கள் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

‘தக்காளி வளர்ப்பது எப்படி’ என்பது கேள்வியே அல்ல. அதற்கு யார் வேண்டுமானாலும் நூறு பக்கம் எழுதிவிடலாம். ‘பூ நிறைய வருகிறது, காய் நிற்கவில்லை’, ‘இலை மேல்நோக்கிச் சுருண்டு செடி குட்டையாகிவிட்டது’, ‘பச்சையாக நின்ற செடி இரண்டே நாளில் தொங்கிவிட்டது’, ‘காயின் அடிப்பகுதி கறுத்துப் போகிறது’ என்பவைதான் கேள்விகள். ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். கூடவே இடத்தின் அளவு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, விதை என்ன ரகம், எந்த மாதம் விதைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த நான்கு விவரங்களையும் கேட்காமல் பதில் சொல்லும் வழிகாட்டியால் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது.

இடத்தின் அளவு ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடியில் பத்துப் பைகள், செடிக்கு ஒன்றரைக் கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் 15 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 450 ரூபாய். அதற்கு 999 ரூபாய் வழிகாட்டி என்பது இரண்டு பருவத்துத் தக்காளியின் விலையைவிடக் கூடுதல். அரை ஏக்கர் விவசாயிக்கோ 999 ரூபாய் பெரிய தொகையே இல்லை. விதை, உரம், குச்சி, ஆள் கூலி என்று அவர் போடும் முதலுக்கு முன் அது எந்த மூலைக்கு? ஆனால் அந்த வழிகாட்டி ஒரே ஓர் இடத்தில் தவறாகச் சொன்னாலும் அவருக்கு ஒரு பருவமே போய்விடும். மாடித் தோட்டக்காரர் விலையைப் பார்க்க வேண்டும், கழனிக்காரர் உள்ளே இருப்பது சரியா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: இலவசமாகக் கிடைப்பதை முதலில் படித்துவிடுங்கள்

இதைச் செய்யாமல் எந்த வழிகாட்டிக்கும் பணம் கட்டாதீர்கள். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் தக்காளி சாகுபடி முறை தமிழிலேயே இருக்கிறது. எக்டருக்கு ரக விதை என்றால் 300 முதல் 350 கிராம், வீரிய ஒட்டு விதை என்றால் 100 முதல் 150 கிராம். விதைக்குமுன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து நேர்த்தி செய்வது. 25 நாள் நாற்றைப் பிடுங்கி நடுவது. அடியுரமாக எக்டருக்கு 25 டன் தொழு உரம் என்று அடிப்படை எல்லாம் அங்கே இருக்கிறது. விற்பனைக்கு வரும் மின்னூல்களில் உருப்படியான பக்கங்கள் பலவும் இவற்றையே திருப்பிச் சொல்பவை.

ஒரு வழிகாட்டி இப்படி எடுத்துத் தொகுத்ததா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விற்பவர் காட்டும் மாதிரிப் பக்கத்திலிருந்து நீளமான ஒரு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். அப்படியே பல்கலைக்கழகப் பக்கத்தில் கிடைத்தால், நீங்கள் கொடுக்கப்போகும் பணம் நகல் எடுத்த கைக்குத்தான் போகிறது. படங்களையும் இதேபோல் படத் தேடலில் போட்டுப் பார்க்கலாம். ‘எங்கள் தோட்டத்தில் எடுத்தது’ என்று போட்டிருக்கும் படம் ஐரோப்பியக் கண்ணாடி வீட்டுப் படமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எழுத்து மட்டுமல்ல, ஆளும் இலவசமாகக் கிடைக்கிறார். உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551. தமிழில் பேசலாம், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. 2018இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த உழவன் செயலியில் சந்தை விலை, மானியம், வானிலை ஆகியவற்றைப் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு விரிஞ்சிபுரம். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா போகும் வழியில், மார்க்கபந்தீஸ்வரர் கோயில் இருக்கும் அதே ஊரில், பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நோய் வந்த செடியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம். போகும்போது இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். வேரோடு, வேரைச் சுற்றிய மண்ணோடு தோண்டி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். ஈரமான பிளாஸ்டிக் பையில் கட்டினால் போய்ச் சேர்வதற்குள் அழுகி, எது நோய், எது அழுகல் என்று தெரியாமல் போய்விடும்.

மூன்றாம் படி: நம் ஊரின் சூட்டையும் தண்ணீரையும் வைத்துச் சோதியுங்கள்

எந்த வழிகாட்டியையும் எடை போட நம் ஊர்ச் செய்திகள் சில தெரிந்திருந்தால் போதும். இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவதும் மிச்சமாவதும் இங்கேதான் முடிவாகிறது.

முதலில் சூடு. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது தக்காளியில் காய் நன்றாகப் பிடிக்கும். பகலில் 35 டிகிரியையும் இரவில் 25 டிகிரியையும் தாண்டிக்கொண்டே இருந்தால் மகரந்தம் செயலிழந்து பூக்கள் உதிரும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் பகல் 40 டிகிரியைத் தாண்டும், இரவு 25க்குக் கீழ் இறங்குவதே அரிது. அந்த நாட்களில் பூ உதிர்வதற்கு உரக் குறைவு காரணமே அல்ல. எந்த மருந்து தெளித்தாலும் காற்றின் சூடு குறையப் போவதில்லை. ஆகவே ‘மார்ச்சில் விதையுங்கள், கோடை முழுவதும் பறியுங்கள்’ என்று ஒரு வழிகாட்டி சொன்னால், அது பனிக்காலம் மார்ச்சில் முடியும் நாட்டுக்கு எழுதப்பட்டது. ‘கடைசி உறைபனி நாளுக்குப் பிறகு நடவும்’, ‘வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எட்டு வாரம் நாற்று வளர்க்கவும்’ என்ற வரிகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு விலைக்கு வருகின்றன. காட்பாடியில் உறைபனி எங்கே இருக்கிறது?

நம் பக்கம் நான் நம்பும் பட்டம் ஐப்பசிக் கடைசி. மழை நேரடியாக அடிக்காத இடத்தில், குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவு நிரப்பி நாற்று விடுங்கள். வடகிழக்குப் பருவமழை தணியும் மார்கழித் தொடக்கத்தில் நட்டால், தை, மாசியின் குளிர்ந்த இரவுகளில் பூ நிற்கும். மாசி, பங்குனியில் பறிக்கலாம். ஆடிப் பட்டமும் வரும். ஆனால் அதன் அறுவடை ஐப்பசி மழையில் மாட்டும். இலைக் கருகலும் பழ வெடிப்பும் கூடவே வரும். இந்த இரண்டில் எது உங்களுக்குத் தோது என்று பேசாத வழிகாட்டி வேலூருக்கு உதவாது.

சூட்டைப் பற்றி இன்னொரு செய்தி. தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. சித்திரையில் பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்பது இதனால்தான். நுனியில் இளஞ்சிவப்பு தட்டியவுடன் பறித்து, வீட்டுக்குள் நிழலில் பழுக்க வையுங்கள். ‘நிறம் கூட்டும் ரகசியக் கரைசல்’ என்று தனி அத்தியாயம் விற்பவரிடம் இந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். இதுதான் வட ஆற்காட்டின் தனிக் கவலை, எந்த வெளியூர் வழிகாட்டியிலும் இது வராது. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை எவ்வளவு கெடுத்தது என்பது நாடறிந்த செய்தி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநிறுத்தியது. தீர்ப்பு வந்தாலும் மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் போய்விடாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் சுவையே மாறுகிறது. தோல் தொழிற்சாலை இல்லாத ஊர்களிலும் ஆழ்துளைக் கிணறுகள் பல உப்பாகவே இருக்கின்றன.

தக்காளி ஓரளவுக்குத்தான் உப்பைத் தாங்கும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் வேர்மண்ணில் மீட்டருக்கு 2.5 டெசிசீமென்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். பாசன நீரில் அந்த எல்லை ஏறத்தாழ 1.7. பரிசோதனை அறிக்கையில் ‘இ.சி.’ என்ற வரியில் இந்த எண் இருக்கும். இலையின் விளிம்பு கருகுவதும், பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூப்பதும் உப்பின் அறிகுறிகள். இந்த நிலையில் இருக்கும் செடிக்கு, புத்தகத்தைப் பார்த்து வாரம் ஒருமுறை உரக் கரைசல் ஊற்றினால் உப்பின் மேல் உப்பு சேர்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது, சொட்டுநீரில் சிறுகச் சிறுக அடிக்கடி விடுவது, வைக்கோலால் மூடாக்குப் போடுவது, மாதம் ஒருமுறை நல்ல நீரால் பையை நன்றாக அலசிவிடுவது ஆகியவைதான் தீர்வு. ‘உப்புக்கு ஜிப்சம் போடு’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதையும் நம்ப வேண்டாம். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு ஜிப்சம் உதவும். வெறும் உப்பு மிகுந்த உவர் நிலத்துக்கு அது மருந்தல்ல. உங்களுடையது எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். அதற்கான கட்டணம் பல மின்னூல்களின் விலையைவிடக் குறைவு. அதனால்தான் வழிகாட்டி வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதல் செலவு தண்ணீருக்கும் மண்ணுக்கும் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

மூன்றாவதாக, ரகம். சந்தையில் நாம் நாட்டுத் தக்காளி, பெங்களூர் தக்காளி என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். விதைக்கும்போது அது போதாது. பெரியகுளத்திலிருந்து வந்த பிகேஎம் 1, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கும் ஏற்றதாகத் தந்த பையூர் 1, பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கிய அர்கா ரக்ஷக் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தன் இயல்பு உண்டு. பக்கக் கிளைகளைக் கிள்ளி எறியுங்கள் என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வது, கயிற்றில் ஏறிக்கொண்டே போகும் கொடி வகைகளுக்கு. கோ 3 போன்ற, குட்டையாகப் புதராக நிற்கும் ரகத்தில் அப்படிக் கிள்ளினால் காய்க்கும் கிளையையே நீக்கிவிடுகிறீர்கள். ரகத்தைக் கேட்காமல் கவாத்து சொல்லித்தரும் அத்தியாயத்தைப் புறக்கணித்துவிடுங்கள். வீரிய ஒட்டுத் தக்காளியின் விதையை எடுத்து வைத்து அடுத்த பருவம் விதைத்தால் அதே பழம் வராது என்பதையும் ஒரு நேர்மையான வழிகாட்டி சொல்லியிருக்கும்.

நோய்ப் பகுதியைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நோயைக் கண்டறியக் கற்றுத்தருகிறதா, மருந்துப் பட்டியலை மட்டும் நீட்டுகிறதா? பச்சையாகவே வாடிய செடியின் தண்டை அடிப்பகுதியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால்போல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த இடத்தில் உடனே தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கக் கூடாது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. இலை சுருண்டு குட்டையானால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி. அதற்கு மருந்தே கிடையாது. செடியைப் பிடுங்கி அழித்துவிட்டு, அடுத்த முறை நாற்றங்காலையே நுண்ணிய நைலான் வலைக்குள் வளர்க்க வேண்டும். ‘இலைச்சுருளைக் குணப்படுத்தும் கரைசல்’ என்று யாராவது விற்றால், அவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

நான்காம் படி: தவறான அறிவுரையைக் கையோடு பிடியுங்கள்

மாதிரிப் பக்கத்திலோ, விற்பவரின் இலவசக் காணொளியிலோ சில அறிவுரைகள் திரும்பத் திரும்ப வரும். காயின் அடி கறுப்பதற்கு முட்டை ஓட்டுத் தூள் என்பார்கள். அந்தக் கறுப்பு கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாததால் அல்ல, ஒருநாள் வெள்ளமாகவும் மூன்று நாள் வறட்சியாகவும் தண்ணீர் விடுவதால். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும். கார மண்ணில் இன்னும் மெதுவாகக் கரையும். எப்சம் உப்பு அதற்கு எதிர்வேலையே செய்யும். அதிலிருக்கும் மெக்னீசியம் மிகுந்தால் வேர் கால்சியத்தை எடுப்பது குறைந்துவிடும். டோலமைட் சுண்ணாம்பு புளிப்பு மண்ணுக்கு உரியது. நம் பக்கத்தில் கார மண் உள்ள இடங்களில் அதைக் கொட்டச் சொல்பவர் மண்ணின் கார அமிலத் தன்மையைக் கேட்டுவிட்டா சொல்கிறார்?

இதைவிடக் கடுமையாகப் பார்க்க வேண்டியது பூச்சிக்கொல்லி. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்குத் தெளிக்க இந்தியாவில் தடை இருக்கிறது; எண்டோசல்பானுக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இவற்றைத் தக்காளிக்குச் சிபாரிசு செய்யும் வழிகாட்டி பழைய தாளைப் பார்த்து எழுதியது. அது உங்கள் பிள்ளைகளின் தட்டுக்கே ஆபத்து. தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத மருந்துப் பட்டியலை நான் ஏற்க மாட்டேன். காய்ப்புழுவுக்கு எக்டருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறி, வரப்பு ஓரம் பொறிப் பயிராகச் செண்டுமல்லி, வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி என்று தொடங்கி, மருந்தைக் கடைசியில் வைக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி எழுதியவர் வயலில் நின்று பழகியவர்.

ஐந்தாம் படி: விளைச்சல், லாபக் கணக்கை நீங்களே போடுங்கள்

‘ஏக்கருக்கு 100 டன்’, ‘செடிக்கு 20 கிலோ’ என்ற வாசகங்களைக் கண்டால் பேனாவை எடுங்கள். பிகேஎம் 1 எக்டருக்கு 30 முதல் 35 டன் தரும் ரகம். ஏக்கருக்கு மாற்றினால் 12 முதல் 14 டன். 60 × 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 15,000 செடிகள். வகுத்துப் பார்த்தால் செடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அர்கா ரக்ஷக் எக்டருக்கு 75 முதல் 80 டன் வரை தரக்கூடியது என்று அதை உருவாக்கிய நிறுவனமே சொல்கிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ 32 டன் என்பது அதன் உச்சம். பசுமைக்குடிலில் மாதக்கணக்கில் கயிற்றில் ஏற்றி வளர்க்கும் வகைகளின் கணக்கு வேறு. திறந்த வயலுக்கு அந்த எண்ணைக் காட்டி விற்பது பொய்.

லாபக் கணக்கில் பெருக்கியிருக்கும் கிலோ விலை எது என்று தேடுங்கள். 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த மாதத்து விலையை எடுத்து, ஒரு முழுப் பருவ விளைச்சலோடு பெருக்கி, லட்சங்களைக் காட்டுகிறார்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டு விவசாயிக்கு நிலைமை தெரியும்: மலைக்கு அந்தப் பக்கம் பலமநேர், மதனப்பள்ளியில் வரத்துக் கூடினால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விலை சரியும், பறிக்கும் கூலிக்கே கட்டாமல் போகும். மூன்று விலையில் கணக்குப் போடுங்கள்: கிலோவுக்கு 8 ரூபாய், 15 ரூபாய், 30 ரூபாய். எட்டு ரூபாயில் எவ்வளவு கையைக் கடிக்கும் என்று சொல்லும் வழிகாட்டி கிடைத்தால், அதை எழுதியவரை மதியுங்கள்.

ஆறாம் படி: விற்பவரைப் பாருங்கள்

இதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. இணையத்தில் விற்பவர் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, புகார் கேட்கும் அலுவலர் யார் என்பவற்றைக் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. வெறும் கைப்பேசி எண்ணும் கியூஆர் கோடும் மட்டும் இருந்தால் விலகுங்கள். ‘இன்னும் 10 நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று ஓடும் கடிகாரம், பக்கத்தை மறுபடி திறந்தால் மீண்டும் பத்திலிருந்து ஓடுகிறதா என்று பாருங்கள். இத்தகைய போலி அவசரத்தை 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் தவறான வணிகமுறையாகப் பட்டியலிட்டுள்ளன. பணம் திருப்பித் தருவதாகச் சொன்னால் எத்தனை நாளில், எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் கேளுங்கள். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் அது திருட்டு; பணம் பெற அந்த எண் ஒருபோதும் தேவையில்லை.

ஏழாம் படி: எது வாங்கத் தகுந்தது?

எழுதுகிறவர் உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறே இல்லை. நம் வட்டாரத்து விவசாயி ஒருவர், தன் கொல்லையில் எந்தத் தேதியில் விதைத்தார், எந்த ரகம், கிணற்று நீரின் இ.சி. எவ்வளவு, எப்போது நோய் வந்தது, என்ன விலைக்கு விற்றார் என்று பருவம் பருவமாக எழுதி வைத்த குறிப்பைத் தொகுத்து விற்றால், நான் தயங்காமல் வாங்குவேன், பிறரையும் வாங்கச் சொல்வேன். அத்தகைய செய்தி எந்த இணையதளத்திலும் இலவசமாக இல்லை. அனுபவமுள்ள வேளாண் அலுவலரோ பேராசிரியரோ ஓய்வுக்குப் பிறகு எழுதி, ஒரு காய்கறிக் கூடை விலைக்கு வரும் அச்சுப் புத்தகமும் வீட்டில் இருக்கலாம். நார்க்கழிவும் மண்ணும் ஒட்டிய கையோடு கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பதைவிடப் புத்தகம் வசதி.

கையால் செய்து பழக வேண்டிய வேலைகளுக்கும் பணம் கொடுக்கலாம். வாடலைத் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டுக் கட்டுவது, பசுமைக்குடிலில் சொட்டுநீரோடு உரம் விடுவது போன்றவற்றைப் படித்துக் கற்க முடியாது. நேரில் நடக்கும் ஒருநாள் பயிற்சி, அதுவும் பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிலையமோ நடத்துவது, பதிவுசெய்த காணொளித் தொகுப்பைவிடப் பலமடங்கு பயன் தரும். உங்கள் செடியின் படத்தைப் பார்த்து, திரும்பக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் ஆள் இருக்கிறார் என்றால் அந்த வாட்ஸ்அப் வகுப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு. சேருவதற்கு முன், முதல் படியில் எழுதி வைத்த உங்கள் கேள்வியை அவரிடமே கேளுங்கள். ‘என்ன ரகம், என்ன தண்ணீர்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் சேரலாம். கேட்காமலே ஒரு டானிக்கின் பெயரைச் சொன்னால், வகுப்பு என்ற பெயரில் அவர் நடத்துவது மருந்துக் கடை.

எட்டாம் படி: ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

விளம்பரத்தில் சொன்னது உள்ளே இல்லை என்றால் விளம்பரப் பக்கம், பணம் கட்டிய ரசீது, அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் திரைப்பதிவாக எடுத்து வையுங்கள். முதலில் விற்பவருக்கே எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வாங்கியது ஓரளவு உருப்படியாகத் தெரிந்தால், தோட்டம் முழுவதையும் அதன் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரே நாளில், ஒரே தட்டிலிருந்து எடுத்த நாற்றுகளைப் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் சாதாரண முறை, மறு பாதிக்கு விலைக்கு வாங்கிய முறை. வெயிலும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். மாடி என்றால் பாதிக்கு ஐந்து பையாவது வையுங்கள், கழனி என்றால் நடுவில் இரண்டு பார்கள், அதாவது நடவு வரிசைகள். ஓரத்துப் பாரில் வெயிலும் காற்றும் வேறாக விழும், அது கணக்கைக் குழப்பிவிடும். ஒவ்வொரு பறிப்பையும் தனித்தனியாகத் தராசில் போட்டு, சொத்தைக் காயைக் கழித்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மறு பாதிக்குச் செலவான கூடுதல் உரம், கரைசல், ஆள் கூலியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பங்குனிக் கடைசியில் இரண்டு பத்தியையும் கூட்டினால், கூடுதலாகக் கிடைத்த கிலோ அந்தச் செலவைக் கட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். அந்த நோட்டைத் தெருவில் தக்காளி வைக்க நினைக்கும் அடுத்தவருக்குப் படிக்கக் கொடுங்கள்.